சுவரோரம் ஒரு வால்வு ஆம்ப்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகளெல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்த நாட்களில்தான் நாங்கள் என் கிட்டாருக்கு ஆம்ப்ளிஃபயர் தேட ஆரம்பித்தோம். அதே நாட்களில்தான் பக்கத்து வீட்டில் அடி அதிகமானது. இரண்டையும் தனித்தனியாக நினைத்துப் பார்க்க எனக்கு வருவதில்லை. ஆம்ப் என்றால் அடி ஞாபகம் வருகிறது. அடி என்றால் ஆம்ப்.

பக்கத்து வீடு என்று சொல்வதும் சரியில்லை. பாம்பனில் என் மாமனார் கட்டிய ஒரே வீடு அது. அவர் இறந்த பிறகு நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் ஒன்றை எழுப்பி இரண்டாக்கினார்கள். பெரிய பாதியில் என் கணவரின் அண்ணன். குடும்பத்தில் எல்லோரும் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். சொந்தமாக விசைப்படகு வைத்திருந்தார். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. சின்னப் பாதியில் நான், ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் என் கணவர், இரண்டு வயது நிறையாத எங்கள் மகள். நாங்கள் இருந்த பாதியும் பெரியவர் பெயரில்தான் இருந்தது.

படகு கடலுக்குப் போகும் நாட்களில் அந்தச் சுவர் வெறும் சுவராக இருக்கும். தடைக்காலத்தில் இரண்டு மாதம் பெரியவர் வீட்டிலேயே இருப்பார். மதியம் குடித்துவிட்டு வருவார். முதலில் ஒரு பாத்திரம் விழும். பிறகு அவர் குரல், கேள்வி கேட்பது போல. அக்காவின் பதில் சின்னதாக. அதன் பிறகு சுவர் அதிரும். எங்கள் பக்கத்தில் மாட்டியிருந்த மாதா காலண்டர் ஆணியில் ஆடும். தலை மோதினால் ஒரு சத்தம், முதுகு மோதினால் வேறு சத்தம். போகப்போக எது எது என்று எனக்குத் தெரிந்துபோனது.

கல்யாணமாகி வந்த புதிதில் அந்தத் தெருவைப் பற்றி நான் தப்பாக நினைத்தேன். மதியம் திடீரென்று ஒரு வீட்டில் டிவி சத்தம் கூடும். அடுத்து எதிர்வீட்டில். பிறகு வரிசையாக எல்லா வீட்டிலும். ஒரு வீட்டில் சீரியல், ஒரு வீட்டில் செய்தி, ஒரு வீட்டில் நகைக் கடை விளம்பரம். சீரியல் பைத்தியம் பிடித்த தெரு என்று என் அம்மாவிடம் போனில் சொல்லிச் சிரித்தேன். பெரியவர் கை ஓங்கினால் தெரு டிவியைக் கூட்டிவிடும் என்பது பிறகுதான் புரிந்தது. அதை அவர்கள் மரியாதை என்றே நினைத்தார்கள். அடுத்தவர் வீட்டு விஷயத்தைக் காதில் வாங்கக் கூடாது என்ற நாகரிகம். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. நானும் கற்றுக்கொண்டேன். ரிமோட்டை எடுக்க என் கை தானாகவே போகப் பழகியது.

ஒருநாள் சுவர் அதிர்ந்ததும், தரையில் விளையாடிக்கொண்டிருந்த என் மகள் எழுந்து தத்தித் தத்திப் போய் டிவி ரிமோட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். அழவில்லை, பயப்படவும் இல்லை. தண்ணீர் கேட்டால் சொம்பைக் கொண்டுவந்து வைப்பது போல வைத்தாள். அன்று சாயங்காலம் இதை என் கணவரிடம் சொன்னேன். அவர் பீரோவின் மேலிருந்து என் கிட்டாரை இறக்கித் தூசி தட்டினார்.

"வாசியேன். எத்தனை நாளாச்சு?"

மதுரையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது வாங்கிய எலக்ட்ரிக் கிட்டார் அது. கோயில் பாடகர் குழுவில் வாசித்தேன். பிறகு பி.எட். முடித்து ராமநாதபுரத்தில் ஒரு பள்ளியில் வேலை, கல்யாணம், பிரசவம், வேலையை விட்டது. தெருவில் இன்னும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். கிட்டாரை மறந்தே போயிருந்தேன்.

முதலில் ஹெட்போன் மாட்டி வாசித்துப் பார்த்தேன். இரண்டாவது நாளே விட்டுவிட்டேன். காதை மூடிக்கொண்டு ஒரு பாட்டு முடிவதற்குள், கதவிடுக்கில் விரல் நசுங்கி மகள் அலறிக்கொண்டிருந்தாள். நான் பார்த்தபோது அவள் வாய் மட்டும் திறந்து தெரிந்தது. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்த பிறகுதான் அழுகை வந்து என்னை அறைந்தது. நகம் கறுத்துப் பிறகு விழுந்தது. கைக்குழந்தைக்காரி காதை மூடிக்கொண்டு வாசிக்க முடியாது. சத்தம் அறையில் இருக்க வேண்டும். ஆனால் சின்னதாக, அவள் அழுதால் கேட்கிற அளவுக்கு. எனக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான்.

வால்வு ஆம்ப்தான் வேண்டும் என்பது மட்டும் என் பிடிவாதம். பழைய ரேடியோக்களில் இருக்குமே, உள்ளே கம்பி சிவந்து எரியும் கண்ணாடிக் குழாய், அதை வைத்துச் செய்வது. விடுதியில் ஒரு சீனியரிடம் இருந்தது. சாதாரணப் பெட்டியில் எப்படி வாசித்தாலும் ஒரே குரல். வால்வில் மெதுவாகத் தொட்டால் மணி அடிப்பது போல் இருக்கும். அழுத்தி அடித்தால் அழப்போகிறவள் குரல் போல ஓரத்தில் கிழியும். அந்தக் கிழிசல் எனக்கு வேண்டியிருந்தது.

வாங்குவதென்று முடிவானதும் பயங்கள் வந்தன. உள்ளே ஓடும் மின்சாரம் வீட்டு மின்சாரத்தைவிட அதிக அழுத்தம் கொண்டது என்று படித்தேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கொஞ்ச நேரம் தங்கியிருக்குமாம், கை வைத்தால் ஆளையே தூக்கிப் போடுமாம். மகளின் விரல் அளவுக்கு எந்த ஓட்டையும் பின்பக்கத்தில் இருக்கக் கூடாது. கண்ணாடி சுடும். பாம்பன் உப்புக் காற்று வால்வின் கால்களைத் துருப்பிடிக்கவைக்கும். கோடையில் மின்னழுத்தம் ஏறி இறங்கும். வேண்டாமென்று காலையில் முடிவு செய்வேன். மதியம் சுவர் அதிர்ந்ததும் மறுபடி விலைப்பட்டியல்களைப் பார்ப்பேன்.

"அஞ்சு வாட்ஸ் போதுங்க," என்றேன் என் கணவரிடம்.

"அஞ்சா? நம்ம கோயில் திருவிழாவுக்கு மைக் செட்டு போடுறவன்ட்ட சொன்னா சிரிப்பான் புள்ள. முப்பது வாங்குவோம்."

"இந்த ஒத்த ரூமுக்கு முப்பதா? கூட்டவே முடியாதுங்க. இது மைக் செட்டுக் கணக்கு இல்ல."

"பெருசா இருந்தா என்ன? குறைச்சு வச்சுக்க."

அவர் எதற்கும் பிடிவாதம் பிடிக்கிறவர் இல்லை. எனக்கு வாங்கும் சேலையின் நிறத்தைக்கூட என்னிடம் கேட்டுத்தான் முடிவு செய்வார். இதில் மட்டும் ஏன் இப்படி என்று எனக்குக் கோபமாக இருந்தது. ஊரில் பெருமை பேசுவதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மகளையும் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் பேருந்தில் போனோம். கடை ஒரு மாடியில் இருந்தது. கடைக்காரர் எங்கள் வயதுதான் இருப்பார். வலது கையில் மட்டும் நகம் வளர்த்திருந்தார்.

"வீட்டுக்கா, மேடைக்கா?"

"வீட்டுக்கு. குழந்தை இருக்கு."

"அப்ப இந்தச் சின்னதுதான். அஞ்சு வாட்ஸ்னு குறைச்சு நினைக்காதீங்க. வால்வுல அஞ்சுங்கிறது வீட்டையே அதிர வைக்கும். முக்கியமா, மெதுவா வைக்கும்போதும் உயிரோட இருக்கும்."

வாசித்துப் பார்த்தேன். பல வருடம் கழித்து விரல் நுனி எரிந்தது. மெதுவாகத் தொட்டேன், மணி. அழுத்தினேன், ஓரத்தில் கிழிந்தது. கழுத்தில் மயிர் கூச்செறிந்தது. மகள் கடைக்காரரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஆடினாள்.

"முப்பது இருக்கா தம்பி?" என்றார் என் கணவர்.

"இருக்கு சார். ஆனா அதைத் தொறந்து விட்டாத்தான் அழகு. வீட்டுல வச்சுக் குறைச்சுக் குறைச்சு வாசிக்கிறது, சிங்கத்தைக் கட்டிலுக்கு அடியில கட்டிப்போட்ட மாதிரி."

"தொறந்து காட்டுங்களேன்."

கடைக்காரரே கிட்டாரை வாங்கி ஒரே ஒரு தடவை கம்பிகளை இழுத்தார். சத்தம் என்று சொல்ல முடியாது. மார்பில் ஒரு குத்து விழுந்தது போல இருந்தது. அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. மகள் வீறிட்டு என் கழுத்தை நகத்தால் பிறாண்டினாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது என் கணவர் அந்தப் பெட்டியின் முன்னால் அப்படியே நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

"தம்பி, இதை வச்சா பக்கத்து வீட்டுச் சத்தம் நமக்குக் கேக்காதுல்ல?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "எல்லாரும் நம்ம சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேக்குமான்னுதான் சார் கேப்பாங்க. நீங்க தலைகீழாக் கேக்குறீங்க. பக்கத்துல என்ன, மாவு மில்லா?"

"அப்படித்தான்னு வச்சுக்கங்களேன்," என்றார் என் கணவர்.

அன்று எதையும் வாங்காமல் திரும்பினோம். பாலத்தின் மீது பேருந்து ஊர்ந்தபோது காற்று ஜன்னலில் அறைந்துகொண்டே வந்தது. மகள் மடியில் தூங்கினாள்.

"அதுக்கா பெருசு கேட்டீக?"

அவர் கடலைப் பார்த்தார். "இவ காதுல விழுகாம வளரட்டுமே."

"உங்க அண்ணன்ட்டப் பேச மாட்டீக. அவுக அடிக்கிறதை மறைக்கிறதுக்குப் பெட்டி வாங்குவீக."

"பேசுனேன். போன வருசம். நீ உங்க அம்மா வீட்டுல பிரசவத்துக்கு இருந்தப்ப." அவர் குரல் இறங்கியது. "எனக்கு ஒண்ணும் ஆகல. 'தம்பிட்டப் போயிச் சொன்னியா'ன்னு மதினிக்குத்தான் விழுந்துச்சு. நாலு நாள் அவுக எந்திரிக்கல."

நான் மகளின் காதைக் காற்றுப் படாமல் சேலைத் தலைப்பால் மூடினேன்.

மறுநாள் காலை கொல்லைக் குழாயடியில் அக்கா மீன் அலசிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் எழுப்பிய சுவர் கொல்லை வரை வரவில்லை. குழாய் இருவருக்கும் பொது. அவளுடைய இடது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. ஒரு கண் வீங்கிப் பாதி மூடியிருந்தது. நான் கத்தியை வாங்கிச் செதிலைச் சுரண்ட ஆரம்பித்தேன். அவள் தடுக்கவில்லை.

"மதுரைக்குப் போயி வெறுங்கையோட வந்தீகளாமே. என்னடி பெட்டி அது?"

சொன்னேன். சின்னது, பெரியது, எது எப்படி என்று. கிழியும் குரலைப் பற்றிக்கூடச் சொன்னேன். அவள் நன்றாக இருந்த கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுல சத்தம் கூட?"

"பெருசுல. ஆனா..."

"அப்ப பெருசையே வாங்கு."

"அக்கா."

"அடி எனக்குப் பழக்கம்டி. வாங்குறப்ப வலிக்கும், அம்புட்டுத்தேன். மறுநா தெருக்குழாய்ல நல்ல தண்ணி பிடிக்கப் போறேன் பாரு, அதுதேன் முடியல. ஒருத்தி என் மூஞ்சியப் பாக்க மாட்டா. எல்லாரும் சேலை முந்தியவே பாக்குறாளுக. டிவி சத்தத்துக்கு நடுவுல எல்லாந்தேன் கேட்டிருக்கும். நீ வாசிச்சா உன் வாசிப்பைக் கேப்பாளுக." சிரித்தாள். உதட்டுக் காயம் விரிந்து ரத்தம் எட்டிப் பார்த்தது. "அங்கன உனக்குக் கச்சேரி, இங்கன எனக்குக் கச்சேரி."

என்னால் சிரிக்க முடியவில்லை. சரி என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று பல முறை யோசித்திருக்கிறேன். பெரியவர்கள் கேட்டால் சரி என்று சொல்லி வளர்ந்தவள் நான். அடிபட்டவளே கேட்கும்போது நான் யார் மறுக்க என்றும் தோன்றியது. அவளுக்கு வேண்டியது இதுதானா என்று திருப்பிக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

என் கணவர் மறுபடி போய் முப்பது வாட்ஸைக் கொண்டுவந்தார். ஐஸ் கம்பெனி வண்டியில் மீன் பெட்டிகளுக்கு நடுவில் சாக்கு சுற்றி வந்தது. இரண்டு ஆட்கள் தூக்கி, நடுச்சுவரை ஒட்டி, தெரு ஜன்னலைப் பார்த்து வைத்தார்கள். பின்பக்கத்தை மரப்பலகை வைத்து நானே அடைத்தேன், காற்று போக மேலே மட்டும் இடம் விட்டு. மின்னழுத்தத்துக்கு ஸ்டெபிலைசர். உப்புக் காற்றுக்குப் பழைய சேலை. ஆம்பில் இரண்டு சுவிட்சுகள் இருந்தன. முதல் சுவிட்சைப் போட்டால் வால்வுகள் சூடேறத் தொடங்கும், சத்தம் வராது. கொஞ்சம் காத்திருந்து, உள்ளே சிவந்த பிறகுதான் இரண்டாவதைப் போட வேண்டும். அவசரப்பட்டால் வால்வு சீக்கிரம் கெடும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார்.

முதல் சில நாள் சாயங்காலங்களில் குறைத்து வைத்து வாசித்தேன். கடைக்காரர் சொன்னது சரிதான், உயிர் இல்லை. ஆனாலும் தெருவுக்கு அது புதிது. பெண்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். எதிர்வீட்டில் கருவாடு வியாபாரம் செய்யும் அம்மா, தெருவிலேயே சத்தமான டிவிக்குச் சொந்தக்காரி, ஜன்னலில் வந்து நின்று சொன்னார்:

"டீச்சரு, உங்களுக்காக டிவியக் குறைச்சுட்டுக் கேட்டேன். நல்லாத்தேன் இருக்கு. ஆனா யாராச்சும் பாட வேணாமா? ஊமைப் படம் மாதிரியில்ல இருக்கு."

"நீங்க பாடுங்களேன்."

"நான் பாடுனா காக்காகூடக் கருவாட்டை விட்டுட்டு ஓடிரும்."

பெரியவர் தடுக்கவில்லை. ஒருமுறை வாசலில் என்னைப் பார்த்து, "நல்லா வாசிக்கிறியே தாயி," என்றார். என்னிடம் அவர் எப்போதும் அன்பாகத்தான் பேசுவார். அதுதான் எனக்கு அதிகப் பயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் விழுந்தது. பிறகு அவர் குரல். அன்று கேள்வி எதுவும் இல்லை, நேராகவே தொடங்கியது. சுவர் அதிர்ந்து காலண்டர் கீழே விழுந்தது. தெருவில் முதல் டிவி கூடியது. இரண்டாவது. என் கணவர் என்னைப் பார்த்தார். மகளைத் தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டுப் பெட்டியின் மேலிருந்த சேலையை உருவினார்.

முதல் சுவிட்சைப் போட்டேன்.

அந்தக் காத்திருப்பை என்னால் சரியாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. சுவரில் ஓர் அடி விழும். நான் பலகையின் மேல் இடுக்கு வழியாக வால்வைப் பார்ப்பேன். கண்ணாடிக்குள் கம்பி மங்கலாகச் சிவக்கத் தொடங்கியிருக்கும். இன்னோர் அடி. அக்கா "வேணாம், வேணாம்" என்பாள். கம்பி இன்னும் கொஞ்சம் சிவக்கும். நான் அவளுக்கு உதவி செய்யப் போகிறவள் போல, அது பழுக்கக் காத்துக்கொண்டிருந்தேன். நடுவில் அணைத்துவிடலாமா என்று விரலை வைத்தேன். அவள் கேட்டாளே என்று எடுத்தேன்.

இரண்டாவது சுவிட்ச். குமிழை முழுவதும் திருப்பினேன்.

பாடகர் குழுவில் வாசித்த ஒரு பாட்டின் ஸ்வரங்களைத்தான் கை எடுத்தது. அது பாட்டாக வரவில்லை. ஒவ்வோர் இழுப்பும் அறையைப் பிடித்து உலுக்கியது. அடுப்பில் மூடி துள்ளியது. மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாயைத் திறந்திருந்தாள், மறுபடியும் அழுகை கேட்காத வாய். என் கணவர் கண்ணை மூடி நடுச்சுவரில் சாய்ந்திருந்தார். அடி கேட்கவில்லை, குரல் கேட்கவில்லை. ஒன்றுமே கேட்கவில்லை. வால்வு நான் ஆசைப்பட்டபடியே கிழிந்தது. பல வருடத்தில் நான் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை. அந்த ஒரு நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அப்போது சுவரில் சாய்ந்திருந்த என் கணவரின் தலை, அந்தப் பக்கம் விழுந்த அடியில் லேசாக முன்னால் தள்ளப்பட்டதைப் பார்த்தேன். ஒரு தடவை. மறுபடி. பிறகு இல்லை. நான் காத்திருந்தேன். தலை அசையவில்லை. பெரியவர் நிறுத்திவிட்டாரா? அல்லது அடிப்பதற்கு அங்கே ஆள் இல்லையா? இத்தனை நாள் டிவிக்கு நடுவிலும் அக்கா உயிரோடு இருப்பது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது தெரிந்துகொள்ள வழியே இல்லை. அந்த வழியை அடைத்தவள் நான்.

கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினேன்.

சத்தம் செத்தது. ஆம்ப் மட்டும் ரீங்கரித்தது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் பெரியவர் மூச்சிரைப்பது கேட்டது. அக்காவின் குரல், "காது, என் காது, ஐயோ காது," என்று மாட்டின் குரல் போலக் கனத்து வந்தது. ஓர் உதை. அவள் கத்தினாள். அவ்வளவு தெளிவாக அதுவரை நான் கேட்டதில்லை. ஏன் என்று ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. தெருவில் ஒரு டிவியும் இல்லை. டீச்சர் வாசிக்கிறாளே என்று எல்லோரும் குறைத்துவிட்டிருந்தார்கள். தெரு முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நான் நிறுத்தியிருந்தேன்.

"வாசி புள்ள," என்றார் என் கணவர். "நிப்பாட்டாத, வாசி!"

நான் அசையவில்லை. அவர் என் மடியிலிருந்த கிட்டாரின் மேல் கையை ஓங்கி அடித்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. வெறும் கம்பிகளை முஷ்டியால் குத்தினார். தகரக் கூரையில் கல் மழை கொட்டியது போல வந்தது. ஒரு கம்பி அறுந்து அவர் விரலைக் கீறியது. ரத்தத்தோடு மறுபடி அடித்தார். அழுதுகொண்டே அடித்தார். நான் ஒயரைப் பிடித்து இழுத்தேன். வெடி போட்டது போல ஒரு சத்தம், பிறகு அமைதி.

"கேக்கட்டுங்க," என்றேன். "எல்லாரும் கேக்கட்டும்."

அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பின்னால் போனேன்.

தெருவில் எல்லோரும் நின்றார்கள். தடைக்காலத்தில் வேலை இல்லாமல் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த ஆண்கள் கையில் சீட்டோடு நின்றார்கள். கருவாட்டுக்கார அம்மா பெரியவரின் கதவை இரண்டு கையாலும் இடித்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. பெரியவர் சட்டையில்லாமல், படகு கட்டும் கயிற்றின் முனையைக் கையில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"என்னலே கூட்டம்? இங்கன படமா காட்டுறாக?"

"உள்ள கத்துனது யாருடா?" என்றார் அந்த அம்மா.

"என் வீட்டு விஷயம். போயி உன் டிவியப் பாரு."

"அப்ப மெதுவா அடிச்சிருக்கணும்டா. எங்க காதுல விழுந்துருச்சே. இப்ப என்ன செய்யச் சொல்ற?"

என் கணவர் அவரைத் தாண்டி உள்ளே போகப் பார்த்தார். கயிறு சுழன்று அவர் முகத்தில் விழுந்தது. புருவம் கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. அவர் கையைத் தூக்கவும் இல்லை, விலகவும் இல்லை. "அண்ணே, வழிய விடு," என்றார். இன்னோர் அடி. "வழிய விடுண்ணே." மூன்றாவது முறை கை ஓங்கியபோது சீட்டு விளையாடியவர்கள் பெரியவர் மேல் பாய்ந்தார்கள். கீழே தள்ளினார்கள். தள்ளியதோடு நிற்கவில்லை. இத்தனை வருடம் டிவியைக் கூட்டிவிட்டு உட்கார்ந்திருந்தவர்கள் அதற்கும் சேர்த்து மிதித்தார்கள். எலும்பில் விழும் உதையின் சத்தம் யார் வாங்கினாலும் ஒன்றுதான். நான் மகளின் முகத்தை என் தோளில் அழுத்திக்கொண்டேன்.

அக்கா அடுப்படியில் கிடந்தாள். இடது காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக ரவிக்கைக்குள் இறங்கியிருந்தது. உயிர் இருந்தது.

மகளைக் கருவாட்டுக்கார அம்மாவின் மருமகளிடம் விட்டுவிட்டு, அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு ராமநாதபுரத்துக்கு ஆட்டோவில் போனோம். என் மடியில் அக்காவின் தலை. பாலத்தில் ஏறிய பிறகு அவள் கண்ணைத் திறந்தாள்.

"ஏன்டி நிப்பாட்டுன?"

கெஞ்சலாக இல்லை. கோபமாகக் கேட்டாள்.

"நீ இருக்கியா இல்லையான்னு எனக்குக் கேக்கலக்கா."

"என்ன சொல்ற? இந்தக் காதுல விழுகல."

நான் திரும்பச் சொல்லவில்லை. அந்தக் காது பிறகும் கேட்கவே இல்லை. இப்போது அவள் தொண்டியில் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். நாங்கள் ராமநாதபுரத்தில் வாடகைக்கு வந்துவிட்டோம். நான் போன் செய்தால் சில நாள் எடுப்பாள், சில நாள் எடுக்க மாட்டாள். எடுக்காத நாட்களில், தெரு முழுவதும் தன் அலறலைக் கேட்கும்படி செய்தவளோடு என்ன பேச்சு என்று நினைக்கிறாளோ என்று எனக்குத் தோன்றும். எடுக்கும் நாட்களில் அதைக் கேட்க எனக்கு வாய் வராது.

அன்று மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர் காதில் விளக்கடித்துப் பார்த்தார்.

"எப்படிம்மா ஆச்சு?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன் டாக்டர்," என்றாள் அக்கா. தயங்கவே இல்லை. பல முறை சொல்லித் தேய்ந்த வாக்கியம்.

"பொய் சொல்றா," என்றார் கருவாட்டுக்கார அம்மா. "அவ புருசன் அடிச்சான்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல. கேட்டோம். தெருவே கேட்டுச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "இன்னைக்கு மட்டுமில்ல டாக்டர். எப்பவுமே கேட்டுச்சு."

டாக்டர் அக்காவின் நல்ல காதுப் பக்கம் வந்து குனிந்தார். "அந்தம்மா சொல்றது உண்மையா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பார்வையைத் தாழ்த்தக் கூடாது, சேலை முந்தியைப் பார்க்கக் கூடாது என்று அவள் முகத்தையே பிடித்துக்கொண்டிருந்தேன். வீங்கிய கண், கிழிந்த உதடு, கழுத்தில் காய்ந்த ரத்தம். எல்லாவற்றையும் பார்த்தேன். அவள் உதடு அசைந்தது.

"கேக்கலம்மா. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க," என்றார் டாக்டர்.

அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். வரிசையில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, "உண்மைதேன்," என்று சொன்னாள்.